மேனேஜருக்கு அப்பா கட்டிய வளைவு

அன்பு மகளுக்கு அம்மாவும் அப்பாவும் எழுதுவது. எழுதும் கை மட்டும் உன் தங்கையுடையது, அதனால் இனி நான் உன்னை அக்கா என்றே அழைத்து எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இங்கே நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். மாதாமாதம் உனக்குக் கடிதம் எழுதும் அப்பா இந்த முறை எழுத மாட்டேன் என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஆனால் தொடங்கும் முன்பே இருவரிடமும் சொல்லிவிட்டேன், நடந்ததை நடந்தபடியேதான் எழுதுவேன், யாருக்காகவும் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று. அதற்கு அப்பா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "வாத்தியாரம்மா தீர்ப்பு எழுதப் போறாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். அம்மா, "நீ எழுதுடி, ஆனா நல்லதை முதல்ல எழுது, அவ தனியா உக்காந்து படிக்கிறவ" என்றாள்.

ஆகவே நல்லது முதலில். உன் மேனேஜர் உயிரோடு இருக்கிறார். நாள் முழுக்கத் தொட்டிக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடைபோட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முன்னால் வந்து நிற்பதால் நீ அப்படிப் பேர் வைத்தாயே, நகத்தளவில் வாங்கி வந்து உள்ளங்கையளவு வளர்த்துவிட்டுப் போனாயே, அதே தங்கமீன் இதை எழுதும்போது என் இடது பக்கம் இருக்கிறார். கெட்டதையும் உடனே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மேலே எழுத வராது. அவருக்குக் கீழே தொட்டியில் இருந்த இரண்டு கிளார்க்கு மீன்களில் சின்னவர் இறந்துவிட்டார். மேனேஜரும் அன்றிலிருந்து தீனியைத் தொடவில்லை. போட்டதை எல்லாம் பெரிய கிளார்க் மட்டும் தின்று வயிறு புடைத்துத் திரிகிறார். மேனேஜர் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார், சாப்பிடாவிட்டால் சொல்ல முடியாது. வீட்டில் இப்போது இருக்கும் கவலை இது ஒன்றுதான், மற்றபடி எல்லாம் சௌக்கியம்.

மற்றதையும் எழுதச் சொல்கிறாள் அம்மா. மருத்துவமனையின் சலவைப் பிரிவில் புது இயந்திரம் வந்திருக்கிறது, முன்பு போல ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதனால் அவள் தோள்வலி பாதி குறைந்திருக்கிறது. ஆனால் அந்த இயந்திரம் வேலை முடிந்ததும் பாட்டு மாதிரி ஒரு சத்தம் போடுகிறதாம், வீட்டுக்கு வந்த பிறகும் அது காதிலேயே இருக்கிறது என்று அடுப்படியில் அதையே முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள். மழையில் நம் முன்கதவு ஊறி உப்பிக்கொண்டது, வருகிறவர்கள் எல்லாரும் தோளால் இடித்துத் திறப்பதால் மாடிவீட்டு அத்தை நம் வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்துவிட்டார்களாம். எனக்கு அறிவியலில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். கணக்கைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் இடம் போதாது.

இப்போது தொட்டி விஷயம். போன மாதம் போனில் நீதான் சொன்னாய், தொட்டி மொட்டையாக இருக்கிறது, மேனேஜர் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும், கல், கட்டை என்று இயற்கையாக ஏதாவது வையுங்கள் என்று. போனில் அப்பா உன்னிடம் "சாப்பிட்டியா, சரி வச்சிடறேன்" என்பதற்கு மேல் பேச மாட்டார் அல்லவா, ஆனால் நீ சொன்ன அந்த ஒரு பேச்சு அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மறுநாளே வண்ணமீன் கடைக்குப் போனார். அங்கே பிளாஸ்டிக்கில் ஒரு கோட்டையும் மண்டை ஓடும் காட்டினார்களாம். வெறுங்கையோடு திரும்பி வந்தார். "ஊர்ல பாதிப் பேரு வீட்டு பாத்ரூமுக்கு டைல்ஸ் பதிச்சவன் நான், என் வீட்டு மீனுக்கு ரெடிமேட் வீடா?" என்று கேட்டார். அதிலிருந்து வேலை முடிந்து ஆற்றோரமாக நடந்து வருவதும், சாப்பாட்டுப் பையில் கல் பொறுக்கிக்கொண்டு வருவதுமாக இருந்தார். வேலை நடக்கும் வீட்டில் வெட்டி ஒதுக்கிய வெள்ளை மார்பிள் துண்டுகளையும் கேட்டு வாங்கி, உடைத்துப் பொடிக்கல்லாக்கிக் கொண்டுவந்தார். பால்கனியில் சாக்கை விரித்து, ஆற்றுக் கற்களை ஒன்றோடொன்று சாய்த்து, ஒயிட் சிமெண்ட் வைத்து ஒட்டி, மேனேஜர் நுழைந்து வரும் அளவுக்கு ஒரு வளைவு கட்டினார். அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, ஒரு கல்லைப் பிடுங்கி மறுபடி வைத்தார். அம்மா ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, "ஏங்க, மட்டம் இல்லைன்னா மேனேஜர் தண்ணியில சறுக்கி விழுந்துடுவாரோ?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. வேலை அவ்வளவு மும்முரம்.

உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், அதனால் இதையும் எழுத வேண்டும். அது மிக அழகாக இருந்தது. மறுநாள் சிமெண்ட் இறுகியதும் நல்ல தண்ணீரில் கழுவி, தொட்டியின் அடியில் மார்பிள் பொடிக்கல்லைப் பரப்பி, நடுவில் வளைவை வைத்து அப்பா விளக்கைப் போட்டபோது, அம்மா கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். வெள்ளைத் தரைக்கு மேலே மேனேஜரின் ஆரஞ்சு நிறம் பளிச்சென்று தெரிந்தது. சோபாவை இழுத்துப் போட்டு, நீ அடுத்த முறை கூப்பிடும்போது அப்பாவின் தலைக்குப் பின்னால் வளைவு தெரிகிற மாதிரி இடம் பார்த்தார்கள். அப்பா என்னைப் போனைப் பிடிக்கச் சொல்லி, நீ எப்படிப் பார்ப்பாயோ அப்படி ஒத்திகை பார்த்தார். "தலையைக் கொஞ்சம் சாய்ங்கப்பா, மறைக்குது" என்று நான் சொல்ல, அவர் கழுத்து வலிக்கச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அன்று மாலையிலிருந்தே மேனேஜர் முன்னால் வரவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தண்ணீரின் மேல்மட்டத்துக்குப் போய் வாயைத் திறந்து திறந்து மூடினார். அப்பா, "புது வீடு, பழக வேணாமா, நமக்கே புது வீட்டுல தூக்கம் வராதே" என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். காலையில் சின்ன கிளார்க் வளைவுக்குள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தார். அவரை எடுக்க அம்மா கையை விட்டு வளைவைத் தூக்கியவள், தூக்கிய கையை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள். "இது வழுவழுன்னு இருக்குங்க. எங்க சலவைச் சோடாத் தொட்டியில கை விட்டா இப்படித்தான் இருக்கும்" என்றாள். அப்பா வந்து வளைவை வாங்கிப் பார்த்தார். கல் இடுக்கில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தது. அதற்கு மேல் அவருக்கு யாரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் வெள்ளை பூத்தால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு கசிந்து வருகிறது என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவர் அவர். "கல்லு மாதிரி இறுகிடுச்சுன்னுதானே வச்சேன்" என்று மட்டும் சொன்னார். ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு பட்ட பாட்டைக் கேள். பள்ளி நூலகத்திலிருந்து மீன் வளர்ப்புப் புத்தகத்தை எடுத்துவந்திருந்தேன், ஆனால் மீன் வகைகளின் படங்களை மட்டும்தான் அதுவரை பார்த்திருந்தேன். இப்போது அலங்காரப் பொருள்கள் என்ற பாடத்தைப் பிரித்தால், நாங்கள் செய்த எல்லாமே செய்யக்கூடாதவை பட்டியலில் வரிசையாக நின்றன. புது சிமெண்ட் எவ்வளவு இறுகினாலும் நெடுநாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தால் தவிர சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டுதான் இருக்குமாம். தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட நான் வாளியைத் தூக்கினேன். நல்லவேளை, அதே பக்கத்தின் கீழே, கெட்ட தண்ணீரில் இருக்கும் மீனை ஒரேயடியாக நல்ல தண்ணீரில் போட்டால் அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும் என்று இருந்தது. அதனால் வளைவையும் பொடிக்கல்லையும் வெளியே எடுத்துவிட்டு, மருந்து வாடை போகத் திறந்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு குவளை எடுப்பதும் ஒரு குவளை ஊற்றுவதுமாகத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். சின்னவரை அப்பா ஜன்னலோரச் செடித்தொட்டியில் புதைத்தார்.

அடுத்து வருவதை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள், ஆனாலும் எழுதுகிறேன். அதே அளவில், அதே நிறத்தில் இன்னொரு குட்டி மீனை வாங்கி விட்டுவிடலாம், நீ தொலைவில் இருக்கிறாய், உனக்கு எப்படித் தெரியும் என்று அவள்தான் முதலில் சொன்னாள். அப்பா, "தெரியுமா தெரியாதான்னு இல்ல. அவ அதோட பேசும்போது நான் எப்படி மூஞ்சியை வச்சுப்பேன்?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் போன ஞாயிறு நீ கூப்பிட்டு மேனேஜரைக் காட்டச் சொன்னபோது, அம்மா "அவரு தூங்குறாரு" என்றாள், அப்பா போனை மேலே திருப்பிவிட்டார், நீ எங்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு பேசினாய். நெட்வொர்க் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். நெட்வொர்க் சரியாகத்தான் இருந்தது. நீ வைத்த பிறகு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

சின்னவர் இறந்த நாளிலிருந்து அப்பா தொட்டிப் பக்கமே போவதில்லை. காலையில் எழுந்ததும் தீனி டப்பாவைத் தட்டி மேனேஜரைக் கூப்பிடுவது அவர் வழக்கம் என்று உனக்குத் தெரியும். இப்போது டப்பாவை என்னிடம் நீட்டுகிறார். "என் கை அதுக்கு ஆகாது, நீயே போடு" என்கிறார். வளைவைச் சுத்தியலால் உடைக்கப் போனார், அம்மா அதைப் பிடுங்கிப் பால்கனியில் ஒரு பேசினுக்குள் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறாள். "கட்டினது தப்பில்ல, அவசரம்தான் தப்பு, கிடக்கட்டும்" என்றாள்.

தொட்டியை மறுபடி மொட்டையாக விடக்கூடாது என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம், மேனேஜர் ஒளிய இடம் இல்லாமல் மூலையில் முகத்தை முட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை ஒவ்வொன்றையும் சோதித்தே உள்ளே விட்டோம், நீயும் உன் அறைத் தோழியும் என்றாவது மீன் வளர்த்தால் உதவும் என்று எழுதுகிறேன். ஆற்றிலிருந்து வந்த கற்கள் மீதி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வினிகரைச் சொட்டு விட்டோம். கறுப்பும் சாம்பலுமாக இருந்த உருண்டைக் கற்கள் சும்மா இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மார்பிள் துண்டிலும் விட்டேன், புஸ்ஸென்று நுரைத்தது. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரில் கரையும். அப்பா தள்ளி உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மார்பிள் மேல மனுஷன் நடக்கிறான், மீன் பக்கத்துல நீந்தக் கூடாதாமா" என்று அதனிடமே சண்டை பிடிக்கிற மாதிரி சொன்னார். கற்களை அம்மா சோப்புத் தூளில் ஊறப்போடப் பார்த்தாள். மீன் பொருள்களுக்குச் சோப்பு ஆகவே ஆகாது, எவ்வளவு அலசினாலும் ஒட்டிக்கொள்ளும், பிரஷும் தண்ணீரும் மட்டும்தான் என்று நான் புத்தகத்தைக் காட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சோப்பு போடாம சுத்தமா? அப்போ நான் இத்தனை வருஷம் அங்க என்ன பண்ணிட்டு இருக்கேன்?" என்று கேட்டாள். ஆனாலும் தேய்த்துத் தந்தாள். தேய்த்த பிறகு தன் பழைய நைலான் துப்பட்டாவை ஒவ்வொரு கல்லின் மேலும் இழுத்துப் பார்த்தாள். நூல் சிக்கினால் அந்தக் கல் மேனேஜரின் கண்ணையும் கிழிக்கும், ஒதுக்கு. இது புத்தகத்தைப் பார்த்துச் செய்ததில்லை, அவளாகச் செய்தது. நான்கைந்து பக்கம் தள்ளிப் பார்த்தால் இதே சோதனை அங்கேயும் இருக்கிறது, அதைச் சொன்னதிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை.

கட்டை வேறு கதை. ஆற்று வளைவில் ஒதுங்கிக் கிடந்த கட்டை ஒன்றை நானே தூக்கி வந்தேன், வேர் முறுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி வடிவம். பச்சை மரமும் பிசின் வடிகிற மரமும் கூடாது, இது காய்ந்து எடையாக இருந்தது. சாயம் பூசியிருக்கிறதா, ஆணி இருக்கிறதா என்று பார்த்தோம். ஓர் இடுக்கில் துருப்பிடித்த ஆணி ஒன்று இருந்தது, அதை அப்பா குறடால் பிடுங்கித் தந்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே பூச்சியும் கிருமியும் சாக வேகவைக்க வேண்டும் என்றதும் அம்மாவிடம் இருக்கும் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன். வேலையிலிருந்து வந்தவள் மூடியைத் திறந்து பார்த்து, "என் பாத்திரத்துல கட்டையை வேக வச்சிருக்கியா? யாருக்குடி விருந்து?" என்று கத்தினாள். மாடிவீட்டு அத்தை இப்போது நிச்சயமாக நம் வீட்டில் சண்டை என்று முடிவு கட்டியிருப்பார்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. கொட்டினோம், வேறு தண்ணீரில் வேகவைத்தோம், பிறகு வாளியில் ஊறப்போட்டோம். முதலில் மிதந்தது, தினமும் தண்ணீர் மாற்ற மாற்ற அதன் நிறமும் குறைந்தது, முந்தாநாள்தான் தானாக அடியில் போய் உட்கார்ந்தது. நேற்று வினிகரில் நுரைக்காத ஆற்று மணலை அலசிப் பரப்பி, எல்லாவற்றையும் உள்ளே வைத்தோம். மேனேஜர் கட்டைக்குப் பின்னால் போய் நுழைந்துகொண்டார். வெளியே வரவில்லை, தின்னவும் இல்லை.

இதுவரை மதியம் எழுதியது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அம்மா உனக்குச் சொல்லச் சொன்ன புத்திமதிகளை எழுதிக்கொண்டிருந்தேன், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, காலைச் சாப்பாட்டை விடாதே, கண்ணாடித் தொழிற்சாலையில் கையுறை கொடுத்தால் போட்டுக்கொள், சூடாக இருக்கிறது என்று கழற்றாதே என்று. அப்போது தொட்டியில் டொக்கென்று ஒரு சத்தம். நாங்கள் கற்களை மணலின் மேலேயே வைத்திருந்தோம், பெரிய கிளார்க் அடியில் மணலைக் கிளறிக் கிளறிக் குழி பறித்திருக்கிறார், பெரிய கல் சாய்ந்து கண்ணாடியில் இடித்து நின்றது. நானும் அம்மாவும் எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "கல்லை யாராவது மணல் மேல உக்கார வைப்பாங்களா? கீழே தரையைப் பிடிச்சு நிக்க வேணாமா? கண்ணாடி போயிடும்டி" என்று சொல்லிக்கொண்டே குழாயடிக்குப் போனார். சோப்பை எடுத்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார், சோப்பைக் கீழே வைத்தார். வெறும் தண்ணீரில் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சட்டைக் கையை ஏற்றக்கூட மறந்து தோள் வரை தொட்டிக்குள் விட்டு, மணலை ஒதுக்கி, அடிக்கண்ணாடியில் கல்லைப் பதித்து, ஆடுகிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார்.

அப்போது மேனேஜர் கட்டைக்குப் பின்னாலிருந்து வந்தார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர் வந்து அப்பாவின் கட்டைவிரலை முட்டினார். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி வந்து முட்டினார். அப்பா அசையவில்லை, மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை, உதட்டை அசைக்காமல், "தீனி. டப்பா. மெதுவா நடந்து வா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பூனை மாதிரி போய் எடுத்து வந்தாள். அப்பா இன்னொரு கையால் ஒரு சிட்டிகை போட்டார். முதல் துணுக்கு மேனேஜரின் மூக்கைத் தாண்டி இறங்கிப் போய்விட்டது, அதைப் பெரிய கிளார்க் கவ்வினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மேனேஜர் வாய்க்குள் இழுத்தார், துப்பினார், கொஞ்சம் யோசித்தார், மறுபடி இழுத்து விழுங்கினார். பிறகு இன்னொன்று. "திங்குது" என்றார் அப்பா. "திங்குதுடி, பாருடி." அவர் குரல் எப்படி இருந்தது என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் தரையெல்லாம் சொட்டியது, அம்மா துடைக்காமல் நின்றாள், அது நம் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும்.

இப்போது அப்பா நாற்காலியைத் தொட்டிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் எழுதியதையெல்லாம் வாங்கிப் படித்தார். சோபாவில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்த ஒத்திகையை மட்டும் அடித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். "சரி, இருக்கட்டும், அவளாவது சிரிக்கட்டும்" என்றார். ஞாயிறு கூப்பிடும்போது நேராகத் தொட்டியையே காட்டுவாராம். சின்னவர் இல்லாததையும் அவரே சொல்வாராம், நீ இதைப் படித்துவிட்டாலும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள், அக்கா.

உனக்கு எந்தக் குறையும் வராமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா இரண்டு கையையும் என் தலையில் வைத்து ஆசி சொல்கிறாள், நீ பக்கத்தில் இல்லாததால் இப்போதைக்கு என் தலையில். கையுறையை மறக்காதே, பதில் எழுத மறக்காதே. இத்துடன் உன் அன்பு அம்மா, அப்பா, எழுதிய தங்கை. அப்பாவின் கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் வருத்தப்படாதே. மேனேஜர் கட்டைக்கடியில் போய்ப் படுத்துவிட்டார், அவர் கண்ணுக்கு வெளிச்சம் படக்கூடாது என்று தொட்டி விளக்கையும் அறை விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் அப்பா கையெழுத்துப் போட்டார்.